ஹைடல்பர்க் என்பது ஓர் ஊர்

பிள்ளைகளுக்குப் புஸ்தகம் இரவல் கொடுக்கிற உபாத்தியாயர் என்றைக்காவது ஒரு நாள் அதற்கு ஜவாப் சொல்லியே தீரவேண்டும். எனக்கு அந்த நாள் 2022-ம் வருஷம் பங்குனி மாதத்தில் வந்தது.

விருதுநகரின் பங்குனி வெயிலைப்பற்றி இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; வெளியூரார்க்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த வெயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சிவகாசியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். நான் தமிழ் கற்பிக்கும் பள்ளிக்கூடம் சிவகாசியில், குடியிருப்பது விருதுநகரில். வந்தவர் என்னிடம் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தகப்பனார். ஆப்செட் அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவர். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத மை அவருடைய நகக்கண்களில் தங்கியிருந்தது.

மோர்ச் செம்பைக் கீழே வைத்ததும் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"ஸார், பாப்பாவுக்கு நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள்."

"என்ன சமாசாரம், அண்ணாச்சி?"

"நர்ஸ் படிப்பு வேண்டாமாம். தில்லிக்குப் போய் ஜெர்மன் இலக்கியம் படிக்கப்போகிறாளாம். நீங்கள் கொடுத்த ஏதோ ஒரு புஸ்தகத்திலிருந்துதான் இது ஆரம்பித்தது என்று அவள் அம்மா சொல்கிறாள்."

குரலில் கோபம் இல்லை; மரியாதைதான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகக் கூச்சத்தை உண்டாக்கிற்று.

அந்தக் குடும்பத்தின் யோசனை நியாயமானது. உறவில் ஒரு பெண் நர்ஸ் படித்து, ஜெர்மன் பாஷையில் பரீட்சை எழுதித் தேறி, அந்த நாட்டிலே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவள் அனுப்பும் பணத்தில் சொந்த ஊரில் மச்சு வீடு எழும்பிவிட்டது. அதைப் பார்த்து இவர்களும் மகளைப் பதினோராம் வகுப்பிலிருந்தே ஞாயிறு தோறும் மதுரைக்கு அனுப்பி ஜெர்மன் பாஷை படிக்கவைத்தார்கள். பாஷை ஓர் ஏணி. ஏறிப் போய்ச் சேரவேண்டிய மாடி ஆஸ்பத்திரி உத்தியோகம். நடந்தது என்னவென்றால், பெண் ஏணியின் பேரிலேயே ஆசை வைத்துவிட்டாள்.

நான் கொடுத்த புஸ்தகம் காஃப்காவின் "விசாரணை". ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மன் மூலத்திலிருந்தே தமிழாக்கி, 1992-ல் க்ரியா வெளியிட்டது. ஒரு பாங்கு அதிகாரி ஒரு நாள் காலையில் கைது செய்யப்படுகிறான்; என்ன குற்றம் என்று கடைசிவரை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கக்கூடிய புஸ்தகமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஜெர்மன் படிக்கிறாளே, அந்த பாஷையில் எழுதப்பட்ட நல்ல கதை ஒன்று தமிழில் இருப்பது அவளுக்குத் தெரியட்டுமே என்று நினைத்துக் கொடுத்தேன். அதற்குமேல் ஆலோசனை எதுவும் செய்யவில்லை.

புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவள் கதையைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஸார், காஃப்காவுக்கு என்ன உத்தியோகம் தெரியுமா?" என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரிந்தது அரைகுறை. அவள் விவரமாகத் தேடிப் படித்திருந்தாள். சட்டம் படித்துப் பட்டம் பெற்ற காஃப்கா, 1908 முதல் 1922 வரை பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்து இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனத்தில் வேலை பார்த்தார். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பார்ப்பதும், எந்தத் தொழிலில் எவ்வளவு அபாயம் என்று வகுப்பதும், அறிக்கை எழுதுவதும் அவருடைய கடமைகள். மரம் இழைக்கும் யந்திரங்களில் சதுரமான தண்டு இருந்தால் விரல்கள் அறுபடுகின்றன, உருண்டைத் தண்டு வைத்தால் காயம் குறைகிறது என்று படங்களோடு அவர் எழுதிய அறிக்கை ஒன்று உண்டு.

"கதை எழுதுகிறவர் இதையும் எழுதியிருக்கிறார், ஸார். அந்த அறிக்கையை அவர் எழுதிய பாஷையிலேயே படிக்கவேண்டும்" என்றாள்.

இதை அவள் ஏன் சொன்னாள் என்பது சிவகாசிப் பக்கத்து ஜனங்களுக்கு விளங்கும். அவளுடைய தாயார் பட்டாசு ஆலைக்குப் போகிறவள். முன்பெல்லாம் சரவெடி பின்னுவாள். 2018-ம் வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சரவெடியைத் தடை செய்தபிறகு வேறு வேலைக்கு மாறினாள், கூலி குறைந்தது. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது இந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. ஆசிரியர் தினமாகையால் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்களாம். மத்தியானம் புகை தெரிந்தது. தாயார் வேலை செய்தது வேறு திசையில், வேறு ஆலையில். ஆனாலும் மாலையில் ஆலை பஸ் வந்து நின்று, அம்மா இறங்கியதைக் கண்ணால் பார்க்கும் வரையில் அந்த மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்ததாக ஒரு கட்டுரை நோட்டில் எழுதியிருந்தாள். அந்தக் கட்டுரைக்கு நான் பத்துக்கு ஏழு மார்க்குப் போட்டிருந்தேன். சந்திப் பிழைகள் இருந்தன.

திண்ணைக்குத் திரும்புவோம். தகப்பனார் கேட்ட கேள்வி நேரானது.

"இந்தப் படிப்பைப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் யாராவது உண்டா, ஸார்? ஒரு பேர் சொல்லுங்கள்."

முதலில் எனக்கு அனில் பட்டியின் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. தில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையில் நெடுங்காலம் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராக இருந்தவர்; ஜெர்மனியிலேயே 2001-ம் வருஷம் க்ரிம் சகோதரர்களின் பெயரால் வழங்கும் பரிசை அவருக்கு அளித்தார்கள். இதைச் சொன்னதும் அண்ணாச்சி மரியாதையாகத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அவர் பெரிய மனிதர், பெரிய ஊர். நம் கதை வேறு என்பதுதான் அது.

அப்புறம் அவரே ஒரு வழி திறந்துவிட்டார். "எனக்குத் தெரிந்த ஜெர்மன் ஒரே வார்த்தை, ஸார். ஹைடல்பர்க். எங்கள் மெஷினின் பெயர்."

சிவகாசியில் அந்தப் பெயரை அறியாத குழந்தை இல்லை. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கும் ஊரில் நல்ல அச்சு யந்திரம் என்றால் ஹைடல்பர்க்தான். ஆனால் அது ஒரு நகரத்தின் பெயர் என்பதும், அந்த நகரத்தில் 1386-ல் ஸ்தாபிக்கப்பட்ட சர்வகலாசாலை ஒன்று இன்றும் நடக்கிறது என்பதும் அண்ணாச்சிக்குப் புதிய செய்தி. "ஊரா?" என்று அவர் வியந்தார். நெடுநாள் கூட வேலை செய்தவனுக்கு ஒரு சொந்த ஊர் உண்டென்று முதல் முறையாகக் கேட்டவர் போல இருந்தது அந்த வியப்பு.

அந்த ஊரில் வாழ்ந்து அங்கேயே இறந்த ஒருவரைப்பற்றி நான் சொன்னேன். பெயர் கெர்வினுஸ். 1805-ல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தார். வீட்டார் அவரை வியாபாரத்துக்கென்றுதான் வளர்த்தார்கள்; பையனாகவே கடையில் வேலைக்கு அமர்த்திவிட்டார்கள். விருதுநகரில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். பருப்பு, வற்றல், எண்ணெய் என்று ஒவ்வொரு தெருவிலும் கமிஷன் கடைக் கணக்கு எழுதிக்கொண்டே இரவில் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! கெர்வினுஸ் இருபது வயதில் கடையை விட்டுச் சர்வகலாசாலைக்குப் போனார். முப்பது வயதில், ஜெர்மானியருடைய தேசியக் கவிதை இலக்கியத்தின் சரித்திரம் என்ற பெருநூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். 1842-ல் ஐந்து பாகங்களும் முடிந்தன. அதற்கு முன்னும் புலவர்களின் வரலாறுகளையும் நூற் பெயர்களையும் தொகுத்தவர்கள் உண்டு. ஒரு ஜனசமூகத்தின் வாழ்வோடு பிணைத்து இலக்கியத்தின் சரித்திரத்தைச் சொன்ன முன்னோடி இந்தப் பழைய கடைச் சிப்பந்திதான்.

இதில் நம்மவர் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் அதை எழுதியபோது ஜெர்மனி என்று ஒரு தேசமே இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களாகச் சிதறிக் கிடந்தது. இல்லாத தேசத்துக்கு இலக்கியச் சரித்திரம் எழுதுவது வெறும் ஏட்டுக் காரியம் அல்லவென்று ராஜாக்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

1837-ல் விக்டோரியா மகாராணியின் சித்தப்பா ஹானோவருக்கு அரசரானார். வந்த வருஷமே ராஜ்யத்தின் அரசியல் சாஸனத்தை ரத்து செய்தார். கோட்டிங்கன் சர்வகலாசாலையின் பேராசிரியர்கள் ஏழு பேர், தாங்கள் அந்தச் சாஸனத்தின்பேரில் பிரமாணம் செய்தவர்கள், அதை மீற இயலாது என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். எழுவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். மூவரை மூன்று தினங்களுக்குள் ராஜ்யத்தை விட்டே வெளியேறச் சொன்னார்கள். அந்த மூவரில் ஒருவர் கெர்வினுஸ். இன்னொருவர், குழந்தைகளெல்லாம் அறிந்த கதைகளைத் தொகுத்த யாகோப் க்ரிம். கெர்வினுஸ் பிற்பாடு ஹைடல்பர்க்கில் மறுபடி போதிக்கத் தொடங்கினார். 1853-ல் அவர் எழுதிய சரித்திர நூல் ஒன்றுக்காக ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். முதலில் கிடைத்த தண்டனை மேல் கோர்ட்டில் ரத்தாயிற்று. ஆனால் வகுப்பில் போதிக்கும் உரிமை போனது போனதுதான். ராஜத்துரோகம் என்ற வார்த்தையின் ருசி நம் நாட்டுப் பத்திரிகாசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு காலத்தில் நன்றாகத் தெரியும்.

கடைசியில், 1871 ஜனவரியில் ஜெர்மனி ஒரே சாம்ராஜ்யமாயிற்று. வாழ்நாளெல்லாம் அதற்காக எழுதியவர் சந்தோஷப்பட்டாரா? இல்லை. பீரங்கியாலும் பிரஷ்யாவின் பலத்தாலும் கட்டிய ஒற்றுமை தாம் கேட்டதல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில் ஹைடல்பர்க்கில் காலமானார். அவரைப் பிடிவாதக்காரர் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் பலர். பிற்காலத்தில் அந்தப் பீரங்கி மோகம் ஜெர்மனியை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்த்த நாம் அப்படிச் சொல்லமுடியாது.

நான் கதையில் மூழ்கிப்போய்விட்டேன். அண்ணாச்சி நிதானமாக, "ஆக, இரண்டு தரம் வேலை போயிருக்கிறது" என்றார்.

கணக்கு சரிதான். என்னால் மறுக்கமுடியவில்லை.

"அதனால் தமிழுக்கு என்ன, ஸார்? நம் பிள்ளை அங்கே போய் அவர்கள் கவிதையைப் படித்து, அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கவா போகிறது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன் என்று சொல்வேன். அல்லது இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் இதற்கு ஜவாப் சொல்ல என் சொந்தக் கதையை எடுக்கவேண்டும்.

இருபத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன் சென்னையில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய நூல்நிலையத்தில் திருக்குறள் பதிப்புகளைத் தேடப்போன இடத்தில் ஒரு ஜெர்மன் புஸ்தகம் கைக்கு வந்தது. 1856-ல் லைப்ஸிக்கில் அச்சானது. கார்ல் க்ரௌல் என்பவருடைய குறள் மொழிபெயர்ப்பு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். திருவள்ளுவர் என்ற பெயரை ரோமன் எழுத்தில் கண்டுபிடித்தேன்; எண்களைப் படித்தேன். வேறு ஓர் எழுத்து விளங்கவில்லை. சிறு வயது முதல் மனப்பாடம் செய்த நூல், என் கையில், எனக்குத் தெரியாத உடையில் இருந்தது. அந்த வெட்கத்தில் மறு வாரமே மாக்ஸ் முல்லர் பவனத்தில் மாலை வகுப்புச் சேர்ந்தேன். முதல் படி தேறினேன். இரண்டாம் படிக்குப் பணம் கட்டுவதற்குள் விருதுநகரில் என் தகப்பனாரின் வற்றல் கமிஷன் கடை நொடித்துவிட்டது. ஊருக்கு வந்தேன், வேலையில் சேர்ந்தேன், ஜெர்மன் போயிற்று. இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது வணக்கம் சொல்லவும் காப்பி கேட்கவும் போதுமானது.

ஆனால் அந்த க்ரௌலை நான் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1814-ல் டெஸ்ஸௌவுக்கு அருகில் வோர்லிட்ஸ் என்ற சிற்றூரில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். லைப்ஸிக்கில் சமய சாஸ்திரம் படித்தார். இத்தாலியில் சில காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வயிறு வளர்த்தார். அங்கே தாந்தேயின் பேரில் பற்று உண்டாகி, அம்மகாகவியின் "நரகம்" என்ற பகுதியை 1843-ல் ஜெர்மனாக்கி வெளியிட்டார். மறு வருஷம், முப்பதாவது வயதில், தமிழ்நாட்டுக்குப் பாதிரிகளை அனுப்பும் லூத்தரன் மிஷன் ஒன்றுக்குத் தலைவரானார்.

அவர் மதம் பரப்ப வந்த ஸ்தாபனத்தின் தலைவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை, மறந்துவிடவும் வேண்டாம். ஆனால் அவர் செய்த விதம் வேறாயிருந்தது. ஒரு ஜனசமூகத்தின் நூல்களை அறியாதவன் அதனிடம் பேச யோக்கியதை அற்றவன் என்பது அவருடைய கட்சி. சர்வகலாசாலையில் படித்தவர்களைத்தான் அனுப்பவேண்டும் என்று வாதாடினார். பிறருக்குச் சொன்னதோடு நிற்காமல், 1849-ல் தாமே புறப்பட்டுப் பாலஸ்தீனம், எகிப்து வழியாக இந்தியாவுக்கு வந்து தமிழ் கற்றார். 1853-ல் திரும்பிப் போய், பிரயாண வரலாற்றை ஐந்து பாகங்களாக எழுதினார். கூடவே தமிழ் நூல் வரிசை ஒன்றைத் தொடங்கினார். அதில் முதலில் வந்தவை எவை என்று நினைக்கிறீர்கள்? கைவல்ய நவநீதம் முதலிய வேதாந்த நூல்கள்! 1855-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கைவல்ய நவநீதத்தின் தமிழ் மூலமும், ஆங்கில மொழிபெயர்ப்பும், சொற்பொருளும், இலக்கணக் குறிப்பும் சேர்ந்திருந்தன. மூன்றாவது பாகம்தான் நான் பார்த்த குறள். மனிதனுடைய மூன்று குறிக்கோள்களைச் சொல்லும் நீதிக் கவிதை என்று தலைப்பிலேயே அறிமுகப்படுத்தியிருந்தார்.

பிறகு மிஷன் பதவியை விட்டார். எர்லாங்கன் சர்வகலாசாலையில் போதிக்கும் தகுதியை 1864-ல் பெற்றார். அந்த வருஷம் நவம்பரிலேயே இறந்துபோனார். வயது ஐம்பது. குறள் மூலமும், எளிய தமிழில் பொருளும், லத்தீன் மொழிபெயர்ப்பும் அடங்கிய நான்காம் பாகத்தை அடுத்த வருஷம் வேறொருவர் முடித்து வெளியிடவேண்டியிருந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. க்ரௌல் பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், டெஸ்ஸௌ நகரத்தில், ஒன்பது வருஷத்துக்குப் பின் பிறந்தவர் மாக்ஸ் முல்லர். இருவரும் லைப்ஸிக்கில் படித்தவர்கள். மாக்ஸ் முல்லர் ஒரு நாளும் இந்தியாவில் கால் வைத்ததில்லை. நம் பெரிய நகரங்களில் அவர் பெயரால் பவனங்கள் இருக்கின்றன. க்ரௌல் வந்தார், வெயிலில் அலைந்தார், தமிழ் கற்றார், தமிழ் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு அவர் பெயர் தெரிந்தால் அதிகம்.

"அண்ணாச்சி, டால்ஸ்டாய் என்ற ருஷ்யப் பெரியார் 1908-ல் இந்தியருக்கு எழுதிய கடிதத்தில் குறளை எடுத்துக் காட்டினார். மகாத்மா காந்தி அந்தக் கடிதத்தைக் குஜராத்தியில் பெயர்த்தார். டால்ஸ்டாய்க்குத் தமிழ் தெரியுமா? யாரோ ஒருவர் உட்கார்ந்து, சம்பளம் போதாமல், விளக்கு வெளிச்சத்தில், ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுபோனதால்தானே அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது? தனுஷ்கோடி அங்கிருந்து இங்கே கொண்டுவந்தார். உங்கள் மகள் படித்தாள். அங்கிருந்து வந்தவர்கள் செய்ததை இங்கிருந்து போகிறவர்களும் செய்யலாம்."

"சம்பளம் போதாமல் என்றீர்களே, ஸார்."

"ஆமாம். அதில் பொய் சொல்லமாட்டேன். காலேஜில் இடம் கிடைத்தால் நல்ல சம்பளம். கிடைக்கிறவரையில் பாஷை சொல்லிக்கொடுத்து ஜீவிக்கலாம்; நர்ஸுப் பெண்களுக்கே ஜெர்மன் கற்பிக்க ஆள் வேண்டியிருக்கிறது. பட்டினி இல்லை. ஆனால் உங்கள் உறவுக்காரப் பெண் கட்டிய வீட்டைப்போல நாலு வருஷத்தில் வீடு எழும்பாது."

அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போல, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போன கதையைச் சொன்னார். 1920-களின் தொடக்கத்தில், மழையில்லாத பூமியில் பிழைக்க வழி தேடி இரண்டு வாலிபர்கள் ரெயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததும், அதிலிருந்து ஒரு நகரமே எழுந்ததும் சிவகாசியில் பால் குடிக்கும் பிள்ளையும் அறிந்த சரித்திரம். "அவர்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்" என்றார். அதோடு எழுந்து நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். சம்மதமா இல்லையா என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டதும் என்னை அச்சகத்துக்கு வரச்சொல்லி அனுப்பினார். போனேன். மகளும் அங்கே இருந்தாள். பெரிய ஆப்செட் யந்திரங்களுக்கு அப்பால், ஒரு மூலையில், கன்னங்கரேலென்று பழைய ஹைடல்பர்க் ஒன்று நின்றது. அட்டைகளை வெட்டவும் மடிப்புக் கோடு போடவும் இப்போது அதை உபயோகிக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் கையகலப் பித்தளைத் தகடு. அதிலே ஜெர்மன் எழுத்துக்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜையில் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்துப் பாதி மறைந்துபோயிருந்தது.

"இருபத்திரண்டு வருஷமாகக் கும்பிடுகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று இவள் சொல்லட்டும்" என்றார்.

அவள் முந்தானை நுனியால் சந்தனத்தைத் துடைத்தாள். அவளுடைய அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் என்று அப்போதுதான் கவனித்தேன். உதட்டை அசைத்து ஒரு முறை படித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இந்த இடத்தில் தினம் ஒரு முறை எண்ணெய் விடவும் என்று எழுதியிருக்கிறது, அப்பா."

ஒரு கணம் சத்தமில்லை. பிறகு அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். "அதைத்தான் தினம் செய்துகொண்டிருக்கிறேன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பினால் வந்த நீர் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் நுழைவுப் பரீட்சையில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. சந்தோஷமான முடிவை எதிர்பார்த்த நேயர்கள் மன்னிக்கவேண்டும். ஊரில் சிலர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். என் காதிலும் விழுந்தது. ஒரு வருஷம் முழுதும் பகலில் தினசரிக் காலண்டருக்குத் தாள் சேர்க்கும் வேலைக்குப் போனாள், இரவில் படித்தாள். சீட்டுப் பணம் எடுத்து மதுரை வகுப்புக்குத் தொடர்ந்து கட்டியவள் அவள் அம்மா. முதலில் என்மேல் குறைப்பட்டவளும் அவள்தான். அடுத்த வருஷம் தில்லியில் இடம் கிடைத்தது. புறப்படுகிற அன்று தகப்பனார் அச்சகத்தில் மிஞ்சிய துண்டுக் காகிதங்களை ஒன்றாகச் சேர்த்துக் கனமான அட்டை போட்டுத் தைத்த நோட்டுகள் ஆறு கொடுத்தார்.

இப்போது அவள் தில்லியில் படித்துக்கொண்டிருக்கிறாள். காஃப்காவின் அந்த விபத்து அறிக்கையை ஜெர்மனிலேயே படித்துவிட்டாள். அதிலே கதை எழுதும் காஃப்கா எங்கும் தென்படவில்லை, ஒரு நல்ல குமாஸ்தாதான் இருக்கிறார், அதனால்தான் அவரை இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது என்று எழுதியிருந்தாள். போன மாதம் வந்த கடிதத்தில் க்ரௌல். அவருடைய குறளில் ஓர் அதிகாரத்தைப் படித்து, ஜெர்மனிலிருந்து மறுபடி தமிழ் வசனமாகத் திருப்பி, பத்துக் குறளுக்கும் பத்துக் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறாள். ஓரிடத்தில், "அருள்" என்ற சொல்லுக்கு அவர் கண்ட ஜெர்மன் சொல் தனக்குத் திருப்தியாயில்லை என்றும், பரிமேலழகர் அவ்விடத்தில் என்ன சொல்கிறார், அன்புக்கும் அருளுக்கும் தமிழில் உள்ள வித்தியாசத்தை ஒரு ஜெர்மானியருக்கு நான் எப்படிச் சொல்வேன் என்றும் கேட்டிருக்கிறாள். சந்திப் பிழை ஒன்றுகூட இல்லை.

பரிமேலழகர் உரையையும் பழைய குறிப்புகளையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் அவளுக்கு ஜவாப் எழுதியாகவில்லை.